துரைசானி சேணத்தில் முதல் சவாரி

கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக்குப் பாலம் போடுவதற்கு முன்னால் நடந்தது இது. அப்போதெல்லாம் ஆற்றைத் தெப்பத்தில்தான் கடக்க வேண்டும். மலை மலையாகக் காட்டை வெட்டிக் காப்பி நட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டு வண்டி, காப்பி மூட்டை, குதிரைமேல் துரைமார். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். முறுக்கிவிட்ட பெரிய மீசை வேறு வைத்திருந்தேன். அந்த மீசைக்கு இந்தக் கதையில் வேலை இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

என் தொழில் சேணம் தைப்பது. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன். திருகோணமலை வீதியின் கோடியில் ஒரு சின்னக் கடை போட்டிருந்தேன். துரைமார் சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவரும் சேணங்கள் பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் கண்டி மழைக்கு அதெல்லாம் தாங்குமா? முதல் மழைக்காலத்தில் பூஞ்சணம் பூக்கும், அடுத்த மழைக்காலத்தில் தையல் விட்டுவிடும். அப்புறம் என்னைத் தேடி வருவார்கள். எருமைத் தோலில் வார், மரைமான் தோலில் இருக்கை, தேன்மெழுகு பூசின நூலில் தையல் என்று எல்லாம் கையாலேயே செய்வேன். என் தையலைப் பல்லால் கடித்து இழுத்தாலும் விடாது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

மாத்தளைப் பாதையில், கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி மலைமேல் இருந்த ஒரு தோட்டத்துத் துரைக்குக் கல்யாணமாகி, துரைசானி புதிதாகச் சீமையிலிருந்து வந்திருந்தார். அவர் கூடவே கொண்டுவந்த சேணம் கப்பலிலேயே பாதி மக்கிவிட்டது. அதை மாதிரிக்கு வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று செய்யச் சொல்லித் துரை என்னிடம் அனுப்பினார். நான் அதுவரை பெண்கள் ஏறும் சேணம் செய்ததில்லை. அதை வெளியில் சொல்வேனா? "ஆகட்டும் துரை" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

வெள்ளைக்காரப் பெண்கள் ஆண்களைப்போல் இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறமாட்டார்கள். நீளப் பாவாடை அதற்கு இடம் தராது. இரண்டு காலையும் இடது பக்கமாகவே வைத்து உட்காருவார்கள். விழாமல் இருப்பதற்காகச் சேணத்தின் இடப்பக்கம் தோல் சுற்றின இரண்டு கொம்புகள் இருக்கும். வலது தொடையை மேல்கொம்புக்கு மேலே போட வேண்டும், இடது தொடையைக் கீழ்க்கொம்புக்கு அடியில் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்துவிட்டால் குதிரை துள்ளினாலும் ஆள் அசையமாட்டார். கொம்பு ஒரு விரல் தள்ளிப்போனாலும் இடுப்பு நோகும்.

சரியாக இருக்கிறதா என்று யாரை உட்கார வைத்துப் பார்ப்பது? துரைசானியைக் கடைக்கு வரச் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரி, "போய்யா, உனக்கு வேற வேலையில்ல" என்று சொல்லிவிட்டாள். கடைசியில் மரச்சட்டத்தை ஒரு கட்டைமேல் கட்டி, வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நானே ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே குத்தூசியால் குறி போட்டேன். எதிர்க்கடைச் செட்டியாருக்கு வேறு பொழுதுபோக்கே வேண்டியிருக்கவில்லை. "என்னா துரைசானியம்மா, இன்னைக்குச் சவாரி எங்க? பேராதனைக்கா?" என்று வீதி முழுக்கக் கேட்கும்படி கத்துவார். எனக்குக் கோபம் மூக்குக்குமேல் வரும். நான் எழுந்து போவதற்குள் கடைக்குள்ளே ஓடிவிடுவார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சட்டத்தில்தான் உட்கார்ந்து பார்ப்பேனே தவிர, தோல் போர்த்தி முடித்த பிறகு நான்கூட அதில் ஏறமாட்டேன். எங்கள் தொழிலில் அது ஒரு கட்டுப்பாடு. புது இருக்கை முதலில் ஏறுகிறவரின் உடம்பைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பள்ளம் பிறகு இலேசில் மாறாது. அதனால் முதல் சவாரி உரியவருக்குத்தான். வேறு யாராவது ஏறினால் சேணம் கெட்டதென்று திருப்பியே அனுப்பிவிடுவார்கள்.

சேணம் முடிந்ததும் அந்தத் தோட்டத்துக் குதிரைக்காரர் துரைசானியின் குதிரையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். செம்பழுப்பு நிறப் பெண் குதிரை, சாதுவானது. குதிரைக்காரர் மடவளையைச் சேர்ந்த முஸ்லிம், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவர்கள் வழக்கப்படி அண்ணன் என்கிற முறையில் நான் அவரை நானா என்று கூப்பிட்டேன், அவர் என்னை மேஸ்திரி என்றார். அதற்குமுன் அவரை எனக்குத் தெரியாது. புதுச் சேணத்தைக் குதிரைமேல் வெறுமனே கட்டி, கூடவே நடந்துபோய்த் தோட்டத்தில் கொடுப்பது என் வழக்கம். நடக்க நடக்கச் சேணம் எங்கே உராய்கிறது, எந்த வார் நழுவுகிறது என்று பார்த்துச் சரிசெய்துகொண்டே போகலாம். அதனால் விடிந்ததும் இரண்டு பேரும் புறப்பட்டோம். மத்தியானத்துக்குள் வந்துவிட வேண்டும், அன்றைக்கே துரைசானி ஏறிப் பார்க்கப் போகிறார் என்று துரை சொல்லி அனுப்பியிருந்தார்.

கட்டுகஸ்தோட்டையில் ஆற்றைக் கடந்து மாத்தளைப் பாதையில் கொஞ்ச தூரம் போயிருப்போம். பாதையோரம் வழிப்போக்கர்கள் தங்குகிற ஓர் அம்பலம் உண்டு. அதன் வாசலில் ஓர் இளைஞன் எழுந்து நின்று கையைக் கூப்பினான். உள்ளே ஒரு பெண் படுத்திருந்தாள்.

அந்தப் பாதையில் வருகிறவர்களைப்பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து, மாத்தளை தாண்டிக் காப்பித் தோட்டங்களுக்கு வருகிற கூட்டங்கள். நானும் அப்படி வந்தவன்தான். கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் நிற்பதில்லை, கங்காணி நிற்க விடுவதில்லை. இந்தப் பெண் மலையிறக்கத்தில் பாறையில் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டாள். கூட்டம் போய்விட்டது. புருஷன் மட்டும் போகவில்லை. முதுகில் சுமந்துகொண்டே அந்த அம்பலம்வரை வந்திருக்கிறான். இனி அவனால் முடியவில்லை.

நான் குனிந்து காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து, மஞ்சளை அரைத்து அப்பித் துணி சுற்றியிருந்தான். கால் வீங்கி, பாதத்துப் பக்கம் கறுக்கத் தொடங்கியிருந்தது. கிட்டே போனாலே வாடை வந்தது. தோல் அழுகுகிற வாடை எனக்குப் புதிதல்ல. அந்த வாடை வந்த இடம் நிற்காது, மேலே ஏறிக்கொண்டே போகும். அன்றைக்கே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் அவள் இல்லை.

"வண்டிக்காரங்க யாரும் ஏத்தலியா?" என்று கேட்டேன்.

"வாந்திபேதின்னு பயந்துக்கிட்டு நிறுத்தவே மாட்டேங்கிறாங்க, அண்ணே. கிட்டவே வரல" என்றான்.

நான் திரும்பிக் குதிரையைப் பார்த்தேன். குதிரைக்காரர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"மேஸ்திரி, ஒங்களுக்குப் பைத்தியமா?" என்றார். "துரைசானிட குதிர இது. புதுச் சேணம். வழியில கெடந்த பொம்புளய ஏத்தினண்டு தெரிஞ்சா துரை என்ட தோல உரிச்சு ஒங்ககிட்டயே தைக்கக் குடுத்துருவார். எனக்கி நாலு புள்ள ஈக்கி."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தத் துரையின் சவுக்கைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருந்தேன். வேலை போவது நிச்சயம், அதோடு போனால் புண்ணியம். எனக்கு என்ன, கடை இருக்கிறது, திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் அந்தத் தோட்டத்துச் சோற்றைத்தான் தின்றாக வேண்டும். அதனால் நான் அவரை வற்புறுத்தவில்லை. "நீங்களே வந்து காலப் பாருங்க நானா. அப்புறம் சொல்லுங்க" என்றேன், அவ்வளவுதான்.

அவர் வந்து பார்த்தார். குனிந்து துணியை விலக்கினார். பிறகு வெளியே போனார். போனவர் குதிரையின் தலையைக் கண்டிப் பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டார்.

காலை அசையாமல் கட்ட வேண்டும். வேலியிலிருந்து மூங்கில் பட்டை இரண்டு பிடுங்கி, பையில் மிச்சமிருந்த தோல் வாரை நனைத்துச் சுற்றிக் கட்டினேன். அப்போதுதான் அந்தப் புருஷன் தயங்கித் தயங்கி, "நீங்க என்ன ஆளுங்க அண்ணே?" என்று கேட்டான்.

பொண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இவனுக்கு இந்தக் கேள்வி! எனக்கு வந்த கோபத்தில், "தோல் தைக்கிற ஆளு. செத்த மாட்டுத் தோலு. போதுமா?" என்று சீறினேன். அவன் கை தானாகப் பின்னுக்குப் போயிற்று.

அதுவரை கண்ணை மூடிக் கிடந்த அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். "ஏய்யா, ஒங்க பாட்டன் வீட்டுப் பல்லக்கு பின்னாடி வருதாக்கும்? பேசாம தூக்கி ஏத்து" என்றாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது, ஆனால் குரலில் அதட்டல் குறையவில்லை. குதிரைக்காரர் சிரித்துவிட்டார். என் தோல்பையிலிருந்து தண்ணீர் கொடுத்தேன். அவள் மடக்கு மடக்கென்று குடித்தாள். அவன் வேண்டாமென்று தலையாட்டினான்.

ஏற்றும்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. அது வேறு சேணமாக இருந்திருந்தால் அவளை ஏற்றியிருக்கவே முடியாது. சேலை கட்டினவள், முறிந்த காலோடு எப்படி இரண்டு பக்கமும் கால் போடுவாள்? இந்தச் சேணத்தில் அவள் சேலையோடு ஒருக்களித்து உட்கார்ந்தாள். வலது தொடை மேல்கொம்பில் தாங்கியது, கட்டுப்போட்ட காலைக் குதிரையின் தோளோடு சேர்த்து வாரால் பிணைத்தேன். இடது தொடையைக் கீழ்க்கொம்புக்கு அடியில் கொடுக்கச் சொன்னேன். எப்படி உட்கார வேண்டும் என்று என்னால் ஒவ்வொன்றாகச் சொல்ல முடிந்தது. கட்டைமேல் ஏறிக் கேலி வாங்கினதெல்லாம் அன்றைக்கு உதவியது. புது மரைத் தோல் அவள் பாரத்தில் மெல்ல அமுங்கியது. பார்க்காததுபோல் நடந்தேன்.

குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்து நடந்தார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் புருஷன். எதிரே வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். கிழிந்த சேலையும் பச்சைக் கண்ணாடி வளையலுமாக ஒருத்தி துரைசானிக் குதிரைமேல் போவதை யார்தான் பார்க்கமாட்டார்கள்? "எல்லாரும் பாக்குறாங்கய்யா" என்றாள் அவள். "பாக்கட்டும்" என்றேன். "ஊர்ல சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆற்றங்கரைக்கு வந்தால், மேலே மழை பெய்து தண்ணீர் ஏறியிருந்தது. தெப்பக்காரர் சிங்களவர், காலையில் எங்களை ஏற்றிவந்தவர்தான். அவளைக் கண்டதும் கையை வீசி, ஏற்றமாட்டேன் என்றார். அவருக்கும் பேதிப் பயம். குதிரைக்காரர் சிங்களத்தில் ஏதோ சொல்லி, கூட்டிவந்து காலைக் காட்டினார். தெப்பக்காரர் கட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், ஐயோ பாவம் என்கிறதுபோல் "அனே" என்றார். பிறகு வேறு யாரையும் ஏற்றாமல் எங்களை மட்டும் ஏற்றிக்கொண்டார்.

நடு ஆற்றில் ஒரு மரக்கட்டை மிதந்துவந்து தெப்பத்தில் இடித்தது. குதிரை மிரண்டு முன்னங்காலைத் தூக்கியது. குதிரைக்காரர் "அல்லாஹ்வே" என்று அதன் கழுத்தோடு தொங்கினார். அவள் இரண்டு கையாலும் கொம்பைக் கட்டிப் பிடித்தாள். வளையல்கள் நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் என்ன பார்த்தேன் தெரியுமா? தண்ணீரைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. வயிற்று வாரின் தையலைப் பார்த்தேன். பல்லால் கடித்தாலும் விடாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அது விட்டால் அவள் ஆற்றோடு போய்விடுவாள். மாரியாத்தா, மாரியாத்தா என்று வாய் தானாகச் சொன்னது. தையல் விடவில்லை. குதிரை கால் ஊன்றியது. அவள் கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் கொம்பை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர், நாளைக்கு வந்திருந்தால் காலை வெட்டியும் பயனிருக்காது என்றார். உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். புருஷன் வாசலில் என் முன்னால் வந்து நின்றான். என் தோளில் தொங்கிய தோல்பையைக் காட்டி, "கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே" என்றான். கொடுத்தேன். குடித்துவிட்டு உள்ளே ஓடினான்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பயம் வந்தது. மத்தியானம் எப்போதோ தாண்டிவிட்டது. மறுபடி நடந்து, மறுபடி ஆற்றைக் கடந்து, ஓர் ஓடைக்கரையில் குதிரையை நிறுத்திச் சேணத்தைத் துடைக்கத் தொடங்கினோம். இருக்கையில் விழுந்த பள்ளத்தை ஒன்றும் செய்ய முடியாது. சேற்றைத் துடைத்தாயிற்று, ரத்தத்தையும் துடைத்தாயிற்று. மேல்கொம்புப் பக்கம் மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. நான் தண்ணீர் எடுத்துவரப் போன நேரத்தில் குதிரைக்காரர் அவசரத்தில் ஒரு காரியம் செய்தார். சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தால் எந்தக் கறையும் போகும் என்று யாரோ சொன்ன ஞாபகம் அவருக்கு. வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து அந்த மஞ்சள்மேல் நன்றாகப் பூசித் தேய்த்துவிட்டார்.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும்? நான் திரும்பி வந்தபோது கொம்பு குங்குமச் சிவப்பில் இருந்தது. "நாசமாப் போச்சு! சேணத்துக்கு ஆரத்தி எடுத்துட்டீங்களே நானா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் விரலைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு உள்ளே இறங்கியதே தவிர வெளியே வரவில்லை. எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. இனி நடப்பது நடக்கட்டும் என்று மலையேறினோம்.

பங்களா முற்றத்தில் துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகமும் சிவந்துதான் இருந்தது. பக்கத்தில் துரைசானி சவாரி உடையில், காலையிலிருந்து காத்திருந்த சலிப்போடு நின்றார். சின்ன வயதுதான், இருபது இருபத்திரண்டு இருக்கும். ஆற்றில் வெள்ளம், தெப்பம் கிடைக்கவில்லை என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். துரைசானி படியிறங்கி வந்து இருக்கையைத் தடவிப் பார்த்தார். கொம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். கீழ்க்கொம்பின் அடியில் அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு கையை மடக்கிக்கொண்டு விலகி நின்றார். நான் மூச்சை விட்டேன், பள்ளத்தை அவர் கவனிக்கவில்லை என்று.

ஆனால் துரையின் கண்ணில் சிவப்பு பட்டுவிட்டது. "இது என்ன? ரத்தமா? யாரு ஏறினான்?" என்று துரைமார் பேசுகிற தமிழில் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை, குதிரைக்காரரைப் பார்த்தார். குதிரைக்காரரின் உதடுகள் ஓதத் தொடங்கின. இன்னும் ஒரு தடவை கேட்டால் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"நான்தான் துரை" என்றேன். எங்கிருந்து வந்ததென்று தெரியாது, வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது. "கொம்பு சரியா இருக்கான்னு பாக்க நான்தான் ஏறினேன். வாயில வெத்தல. எச்சி பட்டிருச்சு."

"நீயா?" துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். மீசையில் அவர் பார்வை நின்றது. "பொம்பள சேணத்துல? பொய் சொல்றான். ஏறு. காட்டு."

என்ன செய்வது? பங்களா வேலைக்காரர், சமையற்காரர், தோட்டக்காரர் எல்லாரும் வந்து கூடிவிட்டார்கள். நான் வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். குதிரைக்காரர் கையைக் கோத்துக் கொடுக்க, அதில் கால் வைத்து ஏறினேன். ஒருக்களித்து, வலது தொடையை மேல்கொம்பில் போட்டு, இடது தொடையை அடியில் கொடுத்து, முதுகை நிமிர்த்தி, கடிவாள வாரை இரண்டு விரலில் பிடித்தேன். ஒரு தவறும் இல்லை. சீமையிலேயே பிறந்து வளர்ந்தவள்கூட அப்படி உட்கார்ந்திருக்கமாட்டாள். குதிரைக்காரர் நடத்த, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன்.

முதலில் சிரித்தது துரைசானிதான். குபீரென்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூடின கையின் புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அதைப் பார்த்துத் துரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேட்பானேன், முற்றமே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்தத் துரைசானியை அந்த நேரத்தில் மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன் தெரியுமா? ஒருவனை இப்படி மானம் போக வைத்து இவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன். சேணத்தைத் திருப்பி அனுப்புவதா என்று துரை அவரிடம் கேட்டார்போல. துரைசானி தலையை ஆட்டி மறுத்து, "நல்ல சேணம்" என்று எனக்குப் புரியும்படி, தெரிந்த இரண்டொரு தமிழ் வார்த்தையில் சொன்னார். அதோடு முடிந்தது.

மலையிறங்கும் வளைவுவரை குதிரைக்காரர் என்னோடு வந்தார். "மேஸ்திரி, எனக்கோசரம் ஒங்கட மீசைய வித்துட்டீங்களே" என்று சொல்லி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். காலை வெட்ட வேண்டி வரவில்லை, கொஞ்சம் கட்டையாகிப் போனதோடு சரி. ஹந்தானைப் பக்கம் ஒரு தோட்டத்தில் புருஷனும் பெஞ்சாதியுமாகச் சேர்ந்தார்கள். கண்டிக்குச் சாமான் வாங்க வரும்போதெல்லாம் நொண்டி நொண்டிக் கடைக்கு வந்து, "என் குதிர எங்கண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போவாள். என் கதையோ எனக்கு முன்னாலேயே கண்டிக்கு வந்துவிட்டது. எதிர்க்கடைச் செட்டியார் கும்பிட்டு வரவேற்றார். இன்றைக்கும் அந்த வீதியில் மீசைத் துரைசானி என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் கடையைக் காட்டும்.

இது நடந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. பாலம் வந்தது, ரயில் வந்தது. காப்பி இலையில் நோய்ப் புள்ளி விழுந்து தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போயிற்று. அந்தத் துரையும் இருந்ததை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சமயத்தில் ஒரு நாள் குதிரைக்காரர் கடைக்கு வந்தார். தாடி நரைத்துவிட்டது. இடுப்பிலிருந்து ஒரு கைலேஞ்சித் துணியை எடுத்து முடிச்சை அவிழ்த்து என் முன்னால் வைத்தார்.

உள்ளே ஒரு துண்டு வளையல். பச்சைக் கண்ணாடி.

"துரைசானி தந்தாங்க, மேஸ்திரி. அண்டைக்கே கீழ்க்கொம்புக்கு அடியில இருந்து எடுத்துட்டாங்களாம்" என்றார். "'இது யாருடையதோ அவகிட்ட குடுத்துரு'ண்டாங்க. 'அவ நடக்கிறாளா?'ண்டும் கேட்டாங்க. நடக்கிறாண்டு சொன்னேன். இத்தன வருசமும் அவங்க துரைட்ட வாயே தொறக்கல்ல."

நான் அந்தத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முற்றத்தில் அவர் மடக்கிய கை, அதே கையின் புறங்கையால் கண்ணைத் துடைத்தது எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. என் மானம் போவதைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. துரை இன்னொரு கேள்வி கேட்காமல் இருக்கச் சிரித்திருக்கிறார். கல்யாணமாகி வந்த புதுசு, ஊர் தெரியாது, பாஷை தெரியாது, புருஷனின் கோபம் மட்டும் தெரியும். அந்த நிலைமையில் ஒரு நொடியில் அவருக்கு அது தோன்றியிருக்கிறது. அவரைத் திட்டியதற்கு மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டேன்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண்ணை அம்பலத்தில் கொண்டுவந்து போட்டதும் துரைமாருடைய காப்பிதான். அந்தப் பாதையில் விழுந்து எழுந்திருக்காதவர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்குக் குதிரையும் வரவில்லை, சேணமும் வரவில்லை. அதற்கெல்லாம் ஒரு வளையல் துண்டு ஈடாகாது. ஆனால் அந்தத் துண்டைப் பொய் என்று தள்ளவும் எனக்கு மனசில்லை.

அடுத்த தடவை வந்தபோது அவளிடம் கொடுத்தேன். கதையைக் கேட்டுவிட்டு, "ஒடஞ்ச வளையலுக்கா இம்புட்டும்?" என்று சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்றைக்கு அந்த முற்றத்தில் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யார் கறை பட்ட சேணத்தைக் கொண்டுவந்தாலும், யார் ஏறினது என்று நான் கேட்பதில்லை, வாங்கித் தைத்துக் கொடுத்துவிடுகிறேன்.